பச்சை மை

முதல் வகுப்பிலேயே கேட்டார்:
“சட்டத்தில் முழம் என்று வந்தால்
யார் கை?”
நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
கரும்பலகையில் தன் முழங்கையைப் பதித்து
சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.
தங்கச்சிமடத்துக் கை.
கரைவலை இழுத்தவர் மகனின் கை.

பேராசிரியர் இருதயராசு.
நிர்வாகச் சட்டம், மூன்றாம் ஆண்டு, மதியச் சோற்றுக்குப் பின் முதல் மணி.
தூங்குகிறவனை எழுப்ப மாட்டார்,
அவன் பெயரில் ஒரு வழக்கை ஜோடித்து
தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுவார்.
எனக்குச் சிவப்பு மையில் இருபதுக்குப் பதினொன்று:
‘கோபம் இருக்கிறது. பிரிவு எண் இல்லை.’

பிறகு ராஜினாமா, துண்டு, திறந்த ஜீப்.
பாம்பனிலிருந்து சாயல்குடி வரை
சுவருக்குச் சுவர் அவர் பல்வரிசை.
பதவியேற்பில் ‘உளமார’ என்பாரா
‘ஆண்டவன் மீது ஆணையாக’ என்பாரா
என்று பழைய மாணவர்கள் பந்தயம் கட்டினோம்.
நான் தோற்றேன்.

கல்வி அமைச்சர் ஆன இரண்டாம் ஆடியில்
ஆணை வந்தது.
பதினாறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டுப்படியாகாது,
பாலைக்குடா தொடக்கப்பள்ளி
வடக்கூர்ப் பள்ளியோடு இணைக்கப்படுகிறது,
தூரம் தொள்ளாயிரம் மீட்டர்.

சரிதான். காக்கைக்குத் தொள்ளாயிரம்.
நடுவில் ஓர் ஓடை கிடக்கிறது,
உப்பளத்துக்குப் பின்னால் கடல் உள்ளே வந்து
திரும்பிப்போக மறந்த ஓடை.
ஐப்பசி பிறந்தால் அதற்குக் கரை தெரியாது.
பாலம் எந்தக் காலத்திலும் கிடையாது.

பாசி எடுக்கும் பெண்கள்
கழுத்தில் முங்குகண்ணாடியும் விரலில் சுற்றிய துணியுமாக
கடலிலிருந்து நேரே என் அலுவலகம் வந்தார்கள்.
நாற்காலிகள் நனைந்தன.
சேசம்மா சொன்னாள்:
“நாங்க மூச்சடக்கி முங்குவோம்.
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை முங்குமா வக்கீலம்மா?”

முதலில் கோரிக்கை மனு கொடு,
பதிலுக்குக் காத்திரு, அப்புறம் கோர்ட் ஏறு.
இதுவும் அவர் சொல்லித் தந்ததுதான்.

வாலிநோக்கத்தில் கணினி அறை திறப்பு விழா.
வரிசையில் நின்றேன்.
“ருக்கையா, பதினொன்று” என்றார்.
மனுவை உதவியாளரிடம் தள்ளிவிடவில்லை. படித்தார்.
கச்சான் காற்று பந்தலைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
கலெக்டர் கடிகாரம் பார்த்தார்.
மூன்றாம் பக்கத்தில் பேனாவைத் திறந்து
‘உறுப்பு 21’ என்று நான் அடித்திருந்த இடத்தில்
பச்சை மையில் ஓர் ‘அ’ சேர்த்தார்.
விளிம்பில் பொடி எழுத்தில்:
‘நடந்து அளந்தது யார்? கேள்.’
என் கையிலேயே திருப்பித் தந்தார்.
“இப்போது நிற்கும்.”

கார் போன புழுதியில் நின்றிருந்தேன்.
அதே பேனா. மூடிகூடக் கழன்றுதான் இருந்தது.
‘ரத்து’ மூன்றெழுத்து.
ஓரெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.
நேர்மையா, நழுவலா?
ராத்திரி தனியாக
இரண்டு தரப்புக்கும் நானே வாதாடி
இரண்டு தரப்பிலும் தோற்றேன்.

மதுரைக் கிளையில் வழக்கு எண் ஆனது.
எதிர்மனுதாரர் துறைச் செயலாளர்,
அமைச்சர் பெயர் எங்கும் இல்லை.
அரசுக்கு முகம் கிடையாது, முத்திரைதான் என்பார் வகுப்பில்.
இணைப்பு மூன்றைப் புரட்டிய நீதிபதி
“இந்தப் பச்சை யாருடையது?” என்றார்.
அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
வாய்தா.

மறுவாரம் இலாகா மாற்றம்.
பேராசிரியருக்கு இப்போது அருங்காட்சியகங்கள்.

இன்று கார்த்திகை எட்டு. வாடை வீசுகிறது.
துறையிலிருந்து புதிய அறிக்கை, நான்கு கையெழுத்துகளோடு:
ஓடை நேரில் நடந்து ஆய்வு செய்யப்பட்டது,
இடுப்பளவுத் தண்ணீர் மட்டுமே.

யார் இடுப்பு?