கடைசிப் பந்துக் கணக்கு

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்
புல் முளைக்க மறுத்த மைதானம்.
கால்வாயில் விழுந்தால் நாலு,
இறங்கி எடுக்கிறவனுக்கு ஒரு டீ.
தண்டவாளம் தாண்டினால் ஆறு.
ஓடுகிற வேகனுக்குள் விழுந்தாலும் ஆறுதான்,
பந்து மட்டும் விஜயவாடா போய்விடும்.

நான் ஆடுவதில்லை.
கண்ணாடி மைனஸ் ஏழு.
பத்து வருஷமாக ஸ்கோர் நோட்டு என் மடியில்.

டில்லிபாபு ஆடுவதைப்
பாதியில் வந்து பார்க்கிறவன் சிரிப்பான்.
காலை நகர்த்த மாட்டான்.
சுத்துகிற சுத்தில் காத்துதான் அடிபடும்.
சராசரி பதினாலு,
நானே கூட்டி, நானே வகுத்தது.

ஆனால் கடைசி ஓவர் என்று வந்துவிட்டால்
பரோட்டா மாஸ்டர்
மாவுக்கையோடு தெருவுக்கு வருவார்.
கேரம் பசங்க
ஸ்ட்ரைக்கரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடிவருவார்கள்.
ரயில்வே கேட் திறந்த பிறகும்
பைக்குகள் நகராது.
பின்னால் நிற்கும் லாரிக்காரன் ஹார்ன் அடித்து அடித்து
கடைசியில் அவனும் இறங்கிவிடுவான்.

எண்ணூருக்கு எதிராக
ரெண்டு பந்தில் பத்து.
வியாசர்பாடிக்கு எதிராக
ஒரு பந்தில் அஞ்சு.
மணலி மேட்சில் தூறலில் பந்து வழுக்கி
மட்டை விளிம்பில் பட்டு
கீப்பர் தலைக்கு மேலே போனது.
அதையும் ஊர்
'பார்த்து வெச்சு அடிச்சான்' என்றுதான் சொல்கிறது.

ஒருமுறை கேட்டேன், எப்படிடா?
ஹார்பரில் ராத்திரி முழுக்கக்
கன்டெய்னர் கட்டிவிட்டு வந்த கண்ணோடு
யோசித்தான்.
"தெர்லடா. பந்து பெர்சா தெரியுது.
அப்புறம், பசிக்குது."

நோட்டின் பின்னட்டையில்
பென்சிலில் ஒரு கணக்கு இருக்கிறது,
யாருக்கும் காட்டியதில்லை.
கடைசி ஓவரில் ஜெயிக்க வைத்தது: ஒன்பது.
முடியாமல் போனது: பத்தொன்பது.
ஒன்பதுக்கு ஃபிளெக்ஸ் கட்டினார்கள்,
ஒன்பதுக்கு வெடி வெடித்தார்கள்.
பத்தொன்பதை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்களோ,
கால்வாயில்கூட மிதக்கவில்லை.

இன்று ஃபைனல், காசிமேட்டோடு.
ஒரு பந்து. நாலு ரன்.
போன பந்து முள்ளுக்குள் விழுந்து
எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது
தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தான்.
"எத்தினிடா இதுவரைக்கும்?"
ஒன்பது, என்றேன்.
"அது இல்ல. இன்னொண்ணு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
பத்தொன்பது.
"இருவத்தொண்ணு," என்றான்.
"உங்கக்கா கல்யாணத்தன்னிக்கி ரெண்டு மேட்ச்சு.
நீ வரல."

பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தான்,
மூடியை இறுக்கித் திருகி,
நிதானமாக.
பந்து கிடைத்துவிட்டது என்று
முள்ளுக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது.
பின்னட்டையில்
பத்தொன்பதை அடித்துத் திருத்தினேன்.
அவன் போய் நின்றான்.
காலை நகர்த்தவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது.

மேலே போன பந்து எனக்கு எப்போதுமே தெரியாது.
கேட்டில் நிற்கிறவர்களின் கழுத்தைப் பார்த்துத்தான்
எழுதுவேன்.
பரோட்டா மாஸ்டர், லாரிக்காரன்,
ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருத்தி,
எல்லாக் கழுத்தும் ஏறுகிறது.

இன்னும் இறங்கவில்லை.