தொங்கக் காம்பரா ஞானசவுந்தரிக்கு

நீயும் நானும் பேசிப்
பதினாலு மாசம்.
அதனால் எழுதுகிறேன்,
மருந்துத் துண்டின் பின்பக்கத்தில்,
நேர்ஸ் தந்த பேனையால்.

புல்லுக்கட்டோடு காணில் வழுக்கினேன்.
கட்டு மட்டும் உருண்டுபோய்
கொட்டில் வாசலில் நின்றதாம்.
எனக்குச் சித்திரை வரை மலை ஏற ஏலாது என்று
நுவரெலியா டொக்டர் சொல்லிவிட்டார்.
கந்தப்பளையிலிருந்து யார் வந்தாலும்
கால் எப்படி என்று கேட்கிறார்கள்.
பிஸ்கட் எப்படி என்று நான் கேட்கிறேன்.
உன் காம்பராப் பக்கம் கட்டியிருக்காம்.
யார் கட்டினது என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு விசயம்.
பாதிக்குப் பாதி பால் என்று
தவசியிடம் சொல்லியனுப்பினேன்.
பொய் இல்லை. முழுசும் சொல்லவில்லை.
அவள் பங்குனிக் கடைசியில் ஈனுவாள்.
இந்தத் தை முடியக் கறவையை நிறுத்த வேணும்.
பால் லொறிக்காரன் வாளியைக் கேட்பான்,
கொடுக்காதே.
மடி ரெண்டு மாசம் ஆறினால்தான்
அடுத்த ஈத்துக்குப் பால் இருக்கும்.
ஆக, நான் உனக்குத் தந்தது
ஒன்றுமில்லாததில் பாதி.
திட்டு.
ஆனால் நிறுத்து.
புண்ணாக்கைக் குறை. மடி கல்லாகிச் சுட்டால்
மிருக வைத்தியர் நம்பர்
பால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்.

புல்லுக்கு ஆறாம் நம்பர் மலைப்பக்கம் போகாதே.
போன கிழமை மருந்து அடித்தார்கள்.
காணோரம் இன்னும் பச்சையாய்த்தான் நிற்கும்,
அந்தப் பச்சையை நம்பாதே.
ஆற்றங்கரைப் புல்லை வெட்டினால்
ஒரு பொழுது வாடவிட்டுப் போடு.
ஈரத்தோடு தின்றால்
அவளுக்கு வயிறு ஊதும்.

இனிப் பனி.
வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்து,
காற்றும் நின்று,
லயத்து நாய்கள் சாம்பலைத் தேடி
அடுப்படிக்கு வந்தால்
அன்று ராத்திரி உறையும்.
பிஸ்கட் முதுகில் ரெண்டு சாக்கு போடு.
விடியமுன் எழும்பு.
எதிர்மலையில் வெயில் இறங்குவதற்குள்
உருளைக்கிழங்கு இலையில் தண்ணி தெளித்துப்
பனியைக் கழுவிவிட வேணும்.
பனியோடு வெயில் பட்டால்
மத்தியானம் பாத்தி கருகிக் கிடக்கும்,
யாரோ தீ வைத்த மாதிரி.
லீக்ஸ் தாங்கும், மண் அணைத்தால் போதும்.
கிழங்கு தாங்காது.

தண்ணி.
இங்கே வந்து நிற்போம் என்று
எனக்கும் தெரியும்.
பீலியிலிருந்து வந்த குழாயை
நீ உன் பாத்தியோடு முடிச்சுப் போட்டாய்.
நான் அதை ராத்திரியில் வெட்டினேன்.
ஆமாம், நான்தான்.
நாய் கடித்தது என்று கோயில் முன்னால் சொன்னது
கற்பூரம் கொளுத்தாமல் சொன்னது,
கணக்கில் வராது.
வெட்டின துண்டு பன்னிரண்டு முழம்,
கொட்டில் தகரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கு.
பொருத்துகிற டியூப்பும் அங்கேதான்.
உன் கிழங்கும் என் கிழங்கும் ஒரே சரிவு.
முதலில் உன்னுடையதை நனை.
குழாய் அந்தப் பக்கமிருந்து வருது,
வேற வழியும் இல்லை.

நான் வரமுன் அவள் ஈன்றுவிடலாம்.
போன ஈத்தில் ஒன்பது நாள் முந்தினாள்.
கன்றுக்கு ஒரு மணிக்குள் சீம்பால்.
தொப்புளுக்கு அயடின்,
யன்னல் கட்டையில் நீலப் போத்தல்.
நஞ்சுக்கொடி தொங்கினால் இழுக்காதே,
மறுநாளும் விழாவிட்டால் டொக்டரைக் கூப்பிடு.
முதல் மூன்று நாள் மடியை ஒட்டக் கறக்காதே.
கறந்தால் படுத்துவிடுவாள்,
எழுப்ப ஏலாது.

காளை என்றால் வழக்கம்போல விற்கிறது.
கிடேரி என்றால்
அதை இன்னும் யோசிக்கிறேன்.
நேர்ஸ் பேனையைக் கேட்கிறாள்.

ஒன்று விட்டுப்போச்சு.
இடக்கையால் கறந்தால் உதைப்பாள்.
நீ இடக்கைக்காரி.
சத்தியமாக அவளுக்கு
நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

                                    பரிபூரணம்
                                    ஏழாம் வார்டு