வராத காய்ச்சலுக்கு ரசீது

காசிமேட்டில் ஐஸ் ஃபாக்டரியில் பில் போடுகிறேன்.
உடைந்த பாரை அரை பார் என்று எழுதலாம்,
உருகினதற்குக் கணக்கில் இடமில்லை.
ஏழாம் மாதம்.
பில் புக்கை வயிற்றின்மேல் வைத்துத்தான்
இப்போது எழுதுகிறேன்.

மழைக்கு முன்னாடி போட்டுக்கோம்மா, என்றார்
டாக்டர் ஹெப்சிபா.
ஃப்ளூ ஊசி. ஆயிரத்து எண்ணூறு.
உனக்குப் போட்டா உள்ளே இருக்கிறதுக்கும் போகும்,
பொறந்து ஆறு மாசம்வரை
அதுக்குன்னு தனியா போட முடியாது.
கட்டாயமா டாக்டர்?
கட்டாயமில்ல. நல்லது.

கட்டாயமில்லைக்கும் நல்லதுக்கும் நடுவே
பன்னிரண்டு நாள்
குடியிருந்தேன்.

கவர்மென்டுல ரெண்டு ஊசி போட்டாச்சே,
இது இன்னா புதுசா, என்றாள் மாமியார்.
எனக்கு நாலு பொறந்துச்சு,
எவன் வந்து ஊசி போட்டான்?
அவள் எப்போதும் நாலு என்றுதான் சொல்வாள்.
ஐந்தாவதைப் பற்றி
எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

உன் இஷ்டம், என்றான் தேசிங்கு.
நல்ல மனசோடுதான் சொன்னான்.
ஆனால் அது
படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டு
கரையிலேயே நின்றுகொள்பவன் சொல்வது.

ஐஸ் நொறுக்கும் மிஷினில் நிற்கும் ஷம்ஷாத்
போன வருஷம் போட்டவள்.
ஜுரம் வந்துச்சாடி?
லேசா. ஒரு ராத்திரி.
மறுநாள் பிரியாணி துன்னேன், போ.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
மணலிப் பக்கத்து வாடை
சேலைத் தலைப்பைத் தாண்டி மூக்குக்குள் வந்தது.
டேங்கர் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
எண்ணினேன்.
இரட்டையில் முடிந்தால் போட்டுக்கொள்வது,
ஒற்றையில் முடிந்தால் பிரசவச் செலவுக்கு
அந்தக் காசை எடுத்துவைப்பது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது...
உள்ளே ஓர் உதை.
எண் போய்விட்டது.
கேட் திறந்து ஹார்ன்கள் திட்டத் தொடங்கியபோதும்
முப்பத்தொன்பதுக்கு அப்புறம்தான்
நின்றுகொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு யுவராணி குழாயடியில் இருந்தாள்.
போன மழையில் அவளுக்கு எட்டாம் மாதம்.
புதன்கிழமை இருமல்.
சனிக்கிழமை ஸ்டான்லி.
பதினேழு நாள் கழித்து ஆட்டோவில் இறங்கினாள்,
ஒருத்தியாக.
அது ஃப்ளூதானா என்று
யாரும் எழுதித் தரவில்லை.
இருக்கலாம், என்றார்களாம்.

அவளிடம் கேட்கவே கூடாது என்றிருந்தேன்.
வாய் கேட்டுவிட்டது.

குடத்தை அவள் நகர்த்தவில்லை,
தண்ணீர் வழிந்து காலை நனைத்தது.
எவ்ளோ?
ஆயிரத்து எண்ணூறு.

அவ்ளோதானா,
என்றாள்.

வேறெதுவும் சொல்லவில்லை.
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
வழியெல்லாம் சிந்தியபடி போய்விட்டாள்.

நர்ஸ் நீலப் பெட்டியைத் திறந்தாள்.
உள்ளே ஐஸ் பாக்கெட், மேலே வேர்வை.
என் கண் முதலில் அதைத்தான் பார்த்தது:
இன்னும் உருகவில்லை, சரியான ஐஸ்தான்.
தொழில் புத்தி.
எந்தக் கையில்?
வலது கையில்தான் பில் எழுதணும்,
இடதில் போடுங்க, என்றேன்.

ராத்திரி நினைவு வந்தது,
இடது பக்கமாகப் படு என்று
அதே கிளினிக்கில்தான் சொல்லியிருந்தார்கள்.

மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டுகிறது.
இடப்பக்கம் திரும்பினால் கை
வேறு யாருடையதோ போலக் கனக்கிறது.
தேசிங்கு கடலில்.
மாமியார் இருட்டில் எழுந்து வந்து
ஒன்றும் பேசாமல்
முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை செருகினாள்.
ஐந்து பெற்றவளின் கை
கொஞ்ச நேரம் என் வயிற்றில் இருந்தது.

ரசீது பர்ஸில் இருக்கிறது.
தேதி, தொகை, மருந்தின் பெயர், ஒரு கிறுக்கல்.
எந்தக் காய்ச்சல் எந்த ராத்திரி
எங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போகும் என்று
அதில் இல்லை.
வராமலே இருந்தாலும்
எனக்குத் தெரியப்போவதில்லை.

நாலு மணிக்கு ஃபாக்டரியில் மிஷின் ஓடத் தொடங்கும்.
அதுவரை இப்படியே கிடக்கலாம்.
உள்ளே இருப்பது வலப்பக்கமாக உதைக்கிறது,
கொஞ்சம் தள்ளிப் படேன் என்பதுபோல.