பதினைந்து கார்பன்

அபர்டீனில் ஜனவரியும் கருங்கல்லில் கட்டியதுதான்.
எட்டு மணிக்கும் இருட்டு. ஆய்வகக் கூரையில்
கடற்காகங்கள் யாரையோ திட்டிக்கொண்டிருக்கின்றன.
கையுறை மாட்டி, மைனஸ் எண்பதிலிருந்து
ரத்தத்தை வெளியே எடுக்கிறேன்.

பெயர் கிடையாது.
வீட்டுக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எழுத்து.
19 அ. 19 ஆ.
ஒரே அடுப்பில் உண்கிறவர்கள் என்பது வரை தெரியும்.
புருஷன் பெண்டாட்டியா, அக்கா தம்பியா,
வாடகையைப் பாதி பாதியாய்க் கட்டுகிறவர்களா,
அதெல்லாம் ஈஷ்பெலின் பூட்டிய அலமாரியில்.

சிவப்பணுவைக் கழுவி உடைத்து
குளோரோஃபார்மில் குலுக்கினால்
அதன் மேலுறை கரைந்து அடியில் இறங்கும்.
உறை என்று சொல்வது வாய்க்கு வசதி.
தண்ணீரை விரும்பும் ஒரு தலை,
தண்ணீருக்கு அஞ்சி ஒளியும் இரண்டு கால்.
கோடானுகோடி பேர், தலை வெளியே கால் உள்ளே,
இரண்டு வரிசையாய்
மின்சார ரயிலின் காலை நெரிசலில் நிற்கிறார்கள்.
வெண்ணெய் தந்த கால் விறைத்து நிற்கும்.
மீன் தந்த கால் ஆறு இடத்தில் மடங்கும்,
மடங்கிய கால் பக்கத்தவருக்குக் கொஞ்சம் இடம் விடும்.
அந்தக் கொஞ்சத்தில்தான்
தன்னிலும் குறுகிய சந்துக்குள்
அணு நெளிந்து புகுந்து மறுபக்கம் போகிறது.

நைட்ரஜன் ஊதி உலர்த்துகிறேன்.
அறுபது மீட்டர் மயிரிழைக் குழாயில்
ஒவ்வொரு அமிலமும் தன் நீளத்துக்குத் தக்க நேரத்தில் வந்து
சுடரில் எரிந்து
திரையில் ஒரு குன்றாகிறது.
பால்மிடிக். ஸ்டியரிக். ஒலியிக்.
காப்பி ஆறிப்போன பிறகு, எல்லாருக்கும் கடைசியாக, மீன்.

கேள்வித்தாளில் எல்லாரும் நல்லவர்கள்.
வாரம் இருமுறை மீன், தினமும் கீரை.
சிவப்பணு நாலு மாதம் வாழ்ந்து சாகும் வரை
தின்றதைத்தான் சொல்லும்.

ஜனவரியில் அ-வின் கோட்டின் மேல் ஆ-வின் கோட்டை வைத்தேன்.
குன்றுக்குக் குன்று பொருந்தியது,
மடித்து வைத்த வேட்டியின் கரை போல.
ஒரே ஓர் இடம் தவிர:
பதினைந்து கார்பன், பாலோடு வருவது.
அ-வுக்கு இருந்தது.
ஆ-வுக்கு இரைச்சலோடு இரைச்சலாய் ஒரு மயிர் உயரம்.
சரிதான், ஒரு வீட்டில் ஒருவருக்காவது
பால் ஆகாமல் இருக்கும்.

மே மாதம். இரவு பத்துக்கும் வெளிச்சம்.
பொருந்தவில்லை.
அ-வின் மீன் சரிந்து, சூரியகாந்தி எண்ணெய் ஏறியிருந்தது.
ஆஸ்பத்திரிச் சாப்பாடா? வேறு யாருடைய அடுப்பா?
குழாயின் நுனியை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன்.
மறுபடி.
பழுது கருவியில் இருக்கட்டும் என்று
அதுவரை நான் வேண்டிக்கொண்டதில்லை.
ஈஷ்பெல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
"எண் எண்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

செப்டம்பரில் ஒரு குழாய்தான் வந்தது.
பட்டியலில் அ-வுக்கு நேரே ஒரு கோடு.
காரணம் என்ற கட்டம் காலி.

ஆ-வை ஓட்டினேன்.
பதினான்கு கார்பன் கடந்தது. அடுத்த குன்றுக்கு நேரமிருக்கிறதென்று
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
திரையில் ஒரு மேடு எழுந்து
அவசரமில்லாமல் இறங்கியது.

பதினைந்து.

பால்காரரை நிறுத்தச் சொல்ல மறந்திருக்கலாம்.
வாசலில் வந்து நிற்கும் புட்டியை
தொட்டியில் கவிழ்க்கக் கை வராமல் இருந்திருக்கலாம்.
ஒரு மிடறு, பிறகு ஒரு மிடறு,
முகம் சுளித்தபடி.

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன்.
பால்: குடிப்பதில்லை.
பேனாவை அழுத்தி எழுதியிருந்தது,
தாளின் மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அட்டவணையில்
சுழியம் புள்ளி இரண்டு ஒன்று என்று பதிந்தேன்.
பொருந்தாமை பற்றிய குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
அதை
அப்படியே விட்டேன்.