பண்டிகை இல்லாத மாதம்

பகலில் நான் டன்னில் நிறுப்பவள்.
செம்பனை ஆலையின் எடைமேடை ஜன்னலில்
குலை ஏற்றிய லாரி வரும், எண்ணைக் குறிப்பேன்;
கொட்டிவிட்டுத் திரும்பும், மறுபடி குறிப்பேன்.
முன்னதில் பின்னதைக் கழித்தால் சுமை.
வெறும் வண்டியையும் நிறுத்தாக வேண்டும்,
இந்த வேலைக்கு அவ்வளவுதான் படிப்பு.

மாலையில் கிலோவில்.
உலு செராயா பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மூடிப்போன வீடியோ கடையில்
எங்கள் உணவு அலமாரி.
சுவரில் இன்னும் உரியாத ஒரு கதாநாயகனின் பாதி மீசை.
அதன் கீழே அரிசி, பருப்பு, சார்டின், மீகூன்,
ஒரு நோட்டு:
இடப்பக்கம் கொடுத்தவர், வலப்பக்கம் கொண்டுபோனவர்.

தீபாவளிக்கு முறுக்கு மட்டும் நாற்பத்தொரு பாக்கெட்.
தைப்பூசத்துக்குச் சீனி, சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பெட்டி,
நோன்பு மாதத்தில் கக் ரொஸ்னா
பேரீச்சம்பழத்தோடு ஒரு மூட்டை அரிசியும் இறக்குவாள்.
பிறகு வரும் ஜூன், ஜூலை.
எந்தச் சாமிக்கும் நாள் இல்லை.
ஆடி பிறந்தால் கோயிலில் கூழாவது ஊற்றுவார்கள்;
இது ஆனி.
தகரக் கூரையில் உட்கார்ந்த வெயில் எழ மறுக்கிறது.
இடப்பக்கம் மூன்று வாரமாக ஒரே பெயர்,
என் பெயர். அதுவும் ஆ கியோங் கடைக் கடனில்.
வலப்பக்கம் அட்டை வரை போய்விட்டது.

பசிக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது என்று
கூட்டத்தில் தலைவர் சொன்னார். கைதட்டினோம்.
அன்றைக்கு வாங்கிய கறிபாப் காசில்
நாலு கிலோ பருப்பு வாங்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அடைக்கும் நேரம் குணாளன் வந்தார்.
தீபாவளிக்கு இரண்டு மூட்டை இறக்கியவர்,
ரசீது வேண்டாமென்று கையசைத்தவர்.
"பக்கத்து வீட்டுக்கு" என்றார்.
"ரெண்டு பிள்ளைங்க, பாவம். வர வெக்கப்படுறாங்க."
தலையாட்டினேன்.
அவர் லாரி, 4417,
என் மேடையில் ஏறி இருபத்தாறு நாள்.
கியர்பாக்ஸ் போய்ப் பட்டறையில் நிற்பது
ஊருக்குத் தெரியாது; எனக்கு எண் தெரியும்.
பக்கத்து வீட்டில் இரண்டு பூனைகளைத் தவிர
யாரும் இல்லை என்பதும்.

அரிசி ஐந்து கிலோ.
முள் ஆறைத் தொட்ட பிறகும்
கை அள்ளிக்கொண்டே இருந்தது.
சார்டினில் நசுங்காத டின்னாகத் தேடி வைத்தேன்.
வலப்பக்கம் எழுதினேன்: பக்கத்து வீடு, நால்வர்.
"பசியாறிட்டுப் போங்களேன், தேத்தண்ணி இருக்கு."
"ஆச்சு, ஆச்சு" என்றார்,
பையைத் தோளில் ஏற்றாமல்
குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு.

திங்கள்கிழமை எடைமேடை ஜன்னலுக்குக் கீழே
ஒரு காலி மைலோ பெட்டி வைத்தேன்.
என்ன எழுதி ஒட்டுவது?
மூன்று வாக்கியம் எழுதிக் கிழித்தேன்.
கடைசியில் ஒரே சொல், அரிசி.
தமிழில், மலாயில்,
ஆ கியோங் கைப்படச் சீனத்தில்.
சீட்டுக்குக் காத்திருந்த ஓட்டுநர்கள் படித்தார்கள்.
ஒருவன் மேகி போட்டான்.
ஒருவன் ஐந்து வெள்ளி போட்டு
மூன்று வெள்ளி மீதி எடுத்துக்கொண்டான்.
நேப்பாளப் பையன் தில்பகதூர் ஒரு சீப்பு வாழைப்பழம்;
மாலைவரை தாங்காது, நான் சொல்லவில்லை.

புதன்கிழமை, உதிரிப் பழம் பொறுக்கும் சந்திரமதி
ஒரு பை அரிசியைக் கொண்டுவந்து
எடைமேடையின் நட்டநடுவில் வைத்துவிட்டு
விலகி நின்றாள்.
"நிறுத்துப் பாரு" என்று சிரித்தாள்.
அவளும் வலப்பக்கத்துப் பெயர்தான்.

நாற்பது டன் தாங்கும் மேடை.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது.
திரையில் பூஜ்யம்.

எழுந்து வெளியே போய்
இரண்டு கையாலும் தூக்கினேன்.
கனமாகத்தான் இருந்தது.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.