விரிசலுக்கு இழப்பீடு

படியூர் தாண்டி இடப்புறம் எங்கள் கல் கிடங்கு.
தூத்துக்குடியில் இறங்கிய பெட்டி வந்து சேர்ந்த அன்று
ஆடிக் காற்று
தகர ஷெட்டின் ஆணி ஒன்றைப்
பிடுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியில் கறுப்பு எழுத்து: மாஸா கர்ராரா.
கிரேன் ஓட்டும் பொங்கியண்ணன்
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்:
"மசால் கடைப் பேராட்டம் இருக்குதுங்."
ஜில்லாப் பேருங்ண்ணா.
"நம்ம ஈரோடாட்டவா?"
ஈரோட்டுக்குக் கடல் இருந்தா எப்படியோ, அப்படி.

மூன்று பலகையில் விரிசல்.
நான் பணம் கேட்க,
ஃபியாமெட்டா மறுக்க,
இன்னொரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் வீடியோவில் வந்தாள்.
அவள் ஜன்னலில் வெள்ளை மலை.

கோடையிலுமா பனி?
"பனி இல்லை, கல் உடைசல்.
கடலில் குளிக்க வருகிறவர்களும்
இதையேதான் கேட்பார்கள்."
கல் எடுக்கும் உச்சியிலிருந்து
கால் நனைக்க
அரைமணி நேரமாம் அவளுக்கு.

சண்டைக்கு நடுவே ஊரைச் சொன்னாள்.
உள்மலைக் கிராமங்களில்
காட்டுக் கொட்டையைப் புகைபோட்டுக் காயவைத்து
மாவாக்கி ஓட்டியது பஞ்ச காலம்.
இதே கல்லைக் குடைந்த தொட்டியில்
பன்றிக் கொழுப்பு, உப்பு, தழை,
மாதக்கணக்கில் மூடி வைத்தால்
கல்லுடைப்பவர் ரொட்டிக்குத் தொடுகறி.
"உப்புக்கண்டமுங்" என்றார் பொங்கியண்ணன்,
தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல.

நல்ல பலகைகள் ஊத்துக்குளிக்கு,
ஒரு புதுவீட்டின் பூஜையறைக்குப் போகின்றன.
வீட்டம்மாளிடம் தொட்டிக் கதையைச் சொல்வதில்லை
என்று அப்போதே முடிவெடுத்தோம்.

முன்பெல்லாம்
மலை ஆளை விழுங்கினால்
கொம்பு ஊதுவார்களாம்.
எல்லாக் குவாரியிலும் உளி நிற்கும்,
அன்றைக்கு வேலை இல்லை.
இதைச் சொல்கையில் அவள் விலைப் பட்டியலைப் பார்க்கவில்லை.
பொங்கியண்ணன் ஒன்றும் பேசாமல்
குன்னத்தூரில் கிணற்று வெடிக்குக் கொடுத்த
இரண்டு விரல் போக
மீதிக் கையைக் கேமராவுக்குக் காட்டினார்.
அன்றைக்கு மத்தியானமே
அடுத்த வெடி வைத்தார்கள்,
அதை அவர் காட்டவில்லை.

"உங்கள் கடல் எவ்வளவு தூரம்?"
எங்களுக்கு இல்லை.
மேற்கே மலையில் ஒரு கதவு, பாலக்காட்டுப் பக்கம்.
அது வழியாகக் கடல்
தண்ணீரை வைத்துக்கொண்டு
காற்றை மட்டும் அனுப்பும்.
தென்னையைச் சாய்க்கும், காற்றாலையைச் சுற்றும்,
கொடியில் போட்ட துணியைப் பக்கத்துக் காட்டில் தேட வைக்கும்.
கேளுங்கள் என்று போனை வாசலில் நீட்டினேன்.
"மைக் கெட்டுவிட்டதா?" என்றாள்.

எனக்கும் கொஞ்சம் வீம்பு ஏறியது.
இந்த மண்ணில் மழை விட்டதும்
பச்சைக் கல் தேடி இன்னும் குனிகிறோம்.
இரண்டாயிரம் வருஷம் முன்னால்
உங்கள் பக்கம் கப்பலேறிய கல்.
அப்போது விரிசல் என்று
யாராவது கடுதாசி போட்டீர்களா?

சிரித்தாள்.
மூன்றில் ஒன்றுக்குத் தருகிறேன் என்றாள்.
ஒன்றரை என்றேன்.
முதலாளியைக் கேட்கவேண்டும் என்று போனவள்
இன்னும் வரவில்லை.

விரிசல் பலகை ஒன்று
எடைமேடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
குளிர்ச்சிக்கு நாய் படுத்திருக்கிறது.
பொங்கியண்ணன் அதை எழுப்பாமல்
ஓரமாக உட்கார்ந்து
தூக்குப்போசியைத் திறக்கிறார்.
மேலே
இரண்டாவது ஆணி ஆடுகிறது.