பெயர் பொருந்தவில்லை

காலையில் குச்சியை மூக்கில் விட்டு
இந்தத் துளையில் ஐந்து சுற்று, அந்தத் துளையில் ஐந்து.
மூன்று சொட்டு.
வாசலில் நின்று சரிபார்ப்பவனுக்கும் சோதனை உண்டு
என்பது மண்டபத்தின் சட்டம்.
கெட்டில் கொதித்து அடங்கும்வரை காத்திருந்தேன்.
ஒற்றைக் கோடு.
நல்ல செய்தி என்கிறது தாள்.

இதே குளியலறை விளக்கின் கீழ்
வேறொரு பட்டையைத் தூக்கிப் பிடித்து
இரண்டாவது கோடு மங்கலாகவாவது விழுகிறதா என்று
ஏழு குளிர்காலம் பார்த்தோம்.
அன்றெல்லாம் இது கெட்ட செய்தி.

கௌனஸில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
சேர்ந்திசைக் கச்சேரிக்கு வந்த வரிசை
மருந்துக்கடை தாண்டியும் நீண்டு
பனியில் கால் மாற்றி நிற்கிறது.
கறுப்புக் கட்டங்களை என் போன் முகர்ந்து பார்க்கும்.
பச்சை. அடையாள அட்டை. உள்ளே போங்கள்.
சான்றிதழை எட்டாய் மடித்து
கையுறைக்குள் வைத்திருந்தார் ஒருவர்.
ஊசி போடமாட்டேன், பாட்டு மட்டும் கேட்பேன் என்று
வாதாடித் திரும்பினார் ஒரு பல் மருத்துவர்.

அப்புறம் ரிம்கைலெ.
தொப்பி புதுசு.
பச்சை விழுந்தது.
திரையில்: ரிம்கைலெ வைட்கூனியெனெ.
அட்டையில்: ரிம்கைலெ ஸ்கிர்மந்தைட்டெ.

எங்கள் மொழியில் பெண் பெயருக்கு வால் உண்டு.
ஒரு வால், இன்னார் மனைவி.
ஒரு வால், இன்னார் மகள்.
ஊசி போட்டது மே மாதம்.
தீர்ப்பு வந்தது செப்டம்பரில்.
சுகாதாரத் துறையின் கணினி ஒன்றில் மட்டும்
இன்னும் அவள் என் வீட்டுக்காரி.

"மாற்றச் சொல்லி எழுதிப் போட்டேன். பதில் இல்லை" என்றாள்.
பெயர் பொருந்தாவிட்டால் அனுமதி கிடையாது:
சுவரில் ஒட்டிய தாளில் மூன்றாவது விதி.
ஒட்டியவன் நான்தான்,
கோணலாக.
பின்னால் யாரோ இருமினார்கள்.
வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"பிறந்த தேதி?"
சொன்னாள்.
தெரியாதவன் மாதிரி
அட்டையோடு ஒப்பிட்டேன்,
நாள், மாதம், வருடம்,
அவசியத்துக்கு மேல் கொஞ்சம் மெதுவாக.

"மூன்றாம் வரிசையில் தூண் மறைக்கும்,
இடப்பக்கம் உட்கார்" என்றேன்.
கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு
போனாள்.

அடுத்தவர் நீட்டிய போன் செத்துக் கிடந்தது.
சார்ஜர் இருக்கிறதா என்றார்.
இருந்தது.